ஒரே வகை நியூரானை மட்டும் அகற்ற: சபோரினா, டிப்தீரியாவா, வேறு வழியா?

போன சித்திரையில் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தேன். காரைக்குடியில் பிஎச்.டி. சேர்ந்திருக்கும் ஒரு பெண் மடிக்கணினியோடு வந்தாள். தூரத்து உறவு. "அக்கா, மூளையில அசிடைல்கோலின் சுரக்கிற செல்லை மட்டும் எடுக்கணும். சபோரின் வாங்கவா, டிப்தீரியா சுண்டெலி கேட்டு எழுதவா? கைடு ரெண்டும் சரிங்கிறாரு. மூணு மாசமா எனக்கு முடிவே எடுக்க முடியல" என்றாள்.

அசிடைல்கோலின் என்பது நரம்புச் செல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள். ஒரு வகைச் செல்லை மட்டும் அகற்றிவிட்டு விலங்கில் எது கெடுகிறது என்று பார்த்தால் அந்தச் செல்லின் வேலை தெரியும். சபோரின் அதற்கான ஒரு செடி நஞ்சு; டிப்தீரியா சுண்டெலி என்பது, வேண்டிய செல் மட்டும் டிப்தீரியா நஞ்சுக்குச் சாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலி. இதே கேள்வியை இந்த வருஷம் இன்னும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். திண்ணையில் சொன்னதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எந்த நஞ்சு என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தச் செல்லை எதை வைத்து அடையாளம் காண்கிறீர்கள் என்று பாருங்கள். அதன் மேற்பரப்பில் வேறு எந்தச் செல்லிலும் இல்லாத ஏற்பி (வெளியிலிருந்து வரும் பொருளைப் பிடிக்கும் புரதம்) ஏதாவது இருக்கிறதா? அல்லது, உள்ளே ஓடும் ஒரு மரபணுதான் அடையாளமா? சபோரின் பக்கமா, மரபணு பக்கமா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது, கையில் இருப்பது எலியா சுண்டெலியா என்பது. பேச்சில் இரண்டையும் எலி என்கிறோம். மருந்துக் குப்பிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மூன்றாவது, செல் போனபின் மூளை சும்மா இருக்காது. மிச்சமிருப்பவை அந்த வேலையை ஏற்கும், ஏற்பிகள் கூடும், குறையும். ஒரு மாதம் கழித்து நீங்கள் அளப்பது செல் இல்லாத மூளையையா, இல்லாமலே வாழப் பழகிக்கொண்ட மூளையையா?

நான்காவது, செத்தது அதுதான், அது மட்டும்தான் என்று எப்படிக் காட்டப் போகிறீர்கள்? திட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள். வேலையில் பாதி இதுதான்.

பணமும் அனுமதியும் கடைசி. நம் ஊரில் பல தீர்மானங்கள் அந்தக் கடைசியிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதும் உண்மை.

## சபோரின் இணைப்புகள்

அப்பத்தாவின் பல்லாங்குழிப் பெட்டியில் சோழியோடு ஒரு பிடி குண்டுமணியும் கிடக்கும். வாயில் வைத்தால் முதுகில் ஒன்று விழும். அதற்குள் இருக்கும் ஏப்ரினைத்தான் நரம்பியல்காரர்கள் ஒரு காலத்தில் ஆராய்ச்சிக் கருவியாக எடுத்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது, அப்பத்தாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அவர் இல்லை. 1982-இல் வைலி, பிளெஸ்ஸிங், ரெய்ஸ் மூவரும் ஆமணக்கின் ரைசினையும் குண்டுமணியின் ஏப்ரினையும் நரம்பில் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பு அதைத் தானே உறிஞ்சி, பின்னோக்கிச் சுமந்து போய், தன் செல் உடலில் இறக்கி வைத்துச் செத்தது.

ரைசினில் ஒரு சிக்கல். அதில் இரண்டு சங்கிலிகள். ஒன்று கொல்லும், இன்னொன்று செல் மேற்பரப்பின் கேலக்டோஸ் சர்க்கரையைப் பிடித்து உள்ளே நுழைய உதவும். அந்தச் சர்க்கரை அநேகமாக எல்லாச் செல்லிலும் உண்டு. ஆக, ரைசின் கையில் இருப்பது கள்ளச்சாவி. வேதி ஆயுத உடன்படிக்கையின் முதல் அட்டவணையிலும் இருக்கிறது; அந்தப் பக்கம் போக வேண்டாம். (விளக்கெண்ணெயைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரைசின் எண்ணெயில் வராது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.)

சபோரின், சபோனேரியா என்ற செடியின் விதையிலிருந்து வருவது. ஒற்றைச் சங்கிலி. கொல்லும் பகுதி உண்டு, சாவி கிடையாது. தனியாக விட்டால் வாசலிலேயே நிற்கும். எங்கள் வீட்டு முன்கதவுச் சாவி ஒரு சாண் நீளம், கால் கிலோவாவது இருக்கும். அடுத்த வீட்டுக் கதவில் போட்டால் திரும்பாது. சபோரினோடு அப்படி ஒரு சாவியைக் கட்டிவிடுவதுதான் வித்தை. சாவி ஓர் ஆன்டிபாடியாக (குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் புரதம்) இருக்கலாம், ஒரு பெப்டைடாகவும் (சிறு புரதத் துண்டு) இருக்கலாம். அது ஏற்பியைப் பிடித்ததும் செல் இரண்டையும் சேர்த்து விழுங்கும். உள்ளே போன சபோரின், புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் அடினினைப் பிடுங்கிவிடும். புரத உற்பத்தி நிற்கும், செல் சில நாட்களில் சாகும். சோதனை தொடங்க இரண்டு வாரம் விடுவது வழக்கம்.

இந்தக் குடும்பத்தில் மூத்தது 192 ஐஜிஜி-சபோரின்; ஐஜிஜி ஓர் ஆன்டிபாடி வகை, 192 இந்த ஆன்டிபாடியின் பெயர். 1991-இல் வைலி, ஓல்ட்மன், லாப்பி வெளியிட்டது. எலியின் பி75 என்ற நரம்பு வளர்ச்சிக் காரணி ஏற்பியை அந்த ஆன்டிபாடி பிடிக்கும். முன்மூளையின் அடிப்பகுதியில் அந்த ஏற்பியைச் சுமப்பவை பெரும்பாலும் அசிடைல்கோலின் நியூரான்கள். அல்ஸைமரில் முதலில் அடிவாங்கும் கூட்டங்களில் இதுவும் ஒன்று என்பதால் அன்றைக்குப் பெரிய வரவேற்பு.

அதற்கு முன் அதே இடத்தில், செல் வகை பார்க்காமல் கொல்லும் இபோடெனிக் அமிலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எலிகள் நீர்ப்புதிர்த் தொட்டியில் (நீருக்குள் மறைந்த மேடையை நினைவை வைத்து நீந்திக் கண்டுபிடிக்கும் சோதனை) மேடையைத் தேடித் தடுமாறின. அசிடைல்கோலின் போனால் இட நினைவு போகும் என்று எழுதினார்கள். சபோரின் வந்து அந்த நியூரான்களை மட்டும் கழித்தபோது பல ஆய்வுகளில் இட நினைவு அவ்வளவாகக் கெடவில்லை, கவனம்தான் குலைந்தது. பழைய தடுமாற்றத்தில் அக்கம்பக்கத்துச் செல்களின் சாவுக்கும் பங்கு உண்டு என்று அப்புறம்தான் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கருவி மாறியதில் பாடப்புத்தக வரி ஒன்று ஆட்டம் கண்டது. எனக்கு இந்த முறை மேல் இருக்கும் மரியாதைக்குக் காரணம் இதுதான்.

ஆனால் சாவி நல்லது என்பதற்காக, அதே பூட்டு வேறு வீட்டில் இல்லை என்று ஆகாது. சிறுமூளையின் பர்கின்ஜி செல்லிலும் பி75 உண்டு. மருந்தை மூளையின் நீர் அறைக்குள் விட்டால் அது அங்கேயும் போகும். என் முதல் தொகுதி எலிகளில் நான் அப்படித்தான் விட்டேன். ஓர் அறுவையில் மொத்தக் கூட்டமும் போய்விடும் என்ற சோம்பல். எலிகள் மேடையைக் கண்டுபிடிக்க நேரமானது. நினைவு போய்விட்டது என்று ஆய்வகக் கூட்டத்தில் படம் போட்டேன். மூத்தவர் ஒருவர், "நீந்துற வேகம் எவ்வளவு? சிறுமூளையை வெட்டிப் பார்த்தியா?" என்றார். வெட்டிப் பார்த்தேன். பர்கின்ஜி செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், பல் விழுந்த ஈறு மாதிரி இடைவெளி இடைவெளியாக இருந்தது. அந்த எலிகளுக்கு மறதி இருந்ததா என்பது இருக்கட்டும், ஒழுங்காக நீந்தவே முடியவில்லை. ஐந்து மாதம் போனது.

அதிலிருந்து நேரடியாகத் திசுவுக்குள், முன்மூளை அடிப்பகுதியில் அந்த நியூரான்கள் கூடியிருக்கும் மீடியல் செப்டமிலோ நியூக்ளியஸ் பேசாலிஸிலோ, குறைந்த அளவில் மெதுவாக விடுகிறேன். ஊசியை உடனே உருவுவதில்லை. ஐந்து நிமிஷமாவது அப்படியே விட்டால்தான் மருந்து தடம் வழியே மேலே ஏறாது.

இன்னொரு கண்ணி: ஆன்டிபாடிச் சாவிக்கு விலங்கு முக்கியம். 192 எலியின் பி75-ஐத்தான் பிடிக்கும், சுண்டெலியுடையதைப் பிடிக்காது; சுண்டெலிக்கு வேறு ஆன்டிபாடியில் செய்த இணைப்பு இருக்கிறது. குப்பியைத் தவறாக வாங்கினால் ஒன்றும் நடக்காது, நடக்காதது தெரிய ஒரு மாதம் ஆகும். பெப்டைடுச் சாவிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. சப்ஸ்டன்ஸ் பி என்ற வலிச் செய்திப் பெப்டைடைச் சாவியாகக் கட்டிய சப்ஸ்டன்ஸ் பி-சபோரினை 1997-இல் மேன்டி குழுவினர் எலியின் தண்டுவடத்தில் பயன்படுத்தினார்கள். சாதாரண வலி உணர்வு ஏறக்குறைய அப்படியே இருக்க, காயத்துக்குப் பிறகு ஏறும் மிகைவலி மட்டும் குறைந்தது. 2009-இல் பாம்பெசின் என்ற இன்னொரு பெப்டைடைக் கட்டிய பாம்பெசின்-சபோரின் கொடுத்த சுண்டெலிகள் சொறிவது வெகுவாகக் குறைந்தது, வலி உணர்வு போகவில்லை. வலியும் அரிப்பும் ஒரே கம்பியில்தான் வருகின்றன என்ற பழைய எண்ணத்துக்கு அது பெரிய அடி. பெப்டைடின் குறை வேறு: கொல்வதற்கு முன் ஏற்பியை அது தூண்டும். முதல் சில மணி நேரம் விலங்கு காட்டும் நடத்தை அந்தத் தூண்டலால் வருவது.

மறைந்த செலவுக்கு வருவோம். கட்டுப்பாட்டுக் குழுவுக்கு உப்புநீர் போதாது. ஒன்றையும் பிடிக்காத சாதாரண ஐஜிஜியோடு சபோரினைக் கட்டிய இன்னொரு குப்பி வேண்டும். தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறும். புதுக் குப்பி திறந்தால் மூன்று நான்கு விலங்கில் முன்னோட்டம் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் உறைபெட்டி. மைனஸ் 80-இல், சிறு சிறு பங்காகப் பிரித்து வைக்க வேண்டும். உருக்கி மறுபடி உறையவிடக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகும் மின்சாரம் சாயங்காலம்தான் வரும் ஊரில், ஜெனரேட்டர் அந்த உறைபெட்டிக்கும் இணைந்திருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன்னே விசாரியுங்கள். கடைசியாக, சப்ஸ்டன்ஸ் பி ஏற்பி நமக்கும் உண்டு. ஊசி கையில் ஏறினால் சபோரினுக்குச் சாவி இருக்கிறது.

## டிப்தீரியா ஏற்பிச் சுண்டெலி

டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான், நஞ்சு மனிதச் செல்லுக்குள் எளிதாக நுழையும். சுண்டெலியின் ஏற்பியை அது சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் மனித, குரங்கு வகை ஏற்பியை ஒரு குறிப்பிட்ட செல்லில் மட்டும் மரபணு வழியாக வைத்துவிட்டால், பிறகு வயிற்றிலோ தசையிலோ ஓர் ஊசி போதும். அந்தச் செல் மட்டும் போகும். 2001-இல் சாய்டோ குழுவினர் காட்டிய வழி. 2005-இல் கிரீ நொதியால் திறக்கும் வகையும் வந்தது; கிரீ என்பது, அது இருக்கும் செல்லில் மட்டும் நாம் வைத்த மரபணுவைத் திறந்துவிடும் நொதி. அன்றிலிருந்து, கிரீயை வைத்த சுண்டெலி எந்தச் செல்லுக்கு இருக்கிறதோ அதற்கெல்லாம் இது பொருந்துகிறது.

இதன் பெரிய பலம் நேரம். விலங்கு வளர்ந்தபின், நாம் சொல்லும் வாரத்தில் செல் போகிறது. 2005-இல் லுகே குழுவினர் பசியைத் தூண்டும் ஏஜிஆர்பி நியூரான்களை வளர்ந்த சுண்டெலியில் அகற்றினார்கள். சில நாட்களில் அவை சாப்பிடுவதையே விட்டன. அதே நியூரான்களைப் பிறந்த குட்டியில் அகற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இளம் மூளை வேறு ஏற்பாடு செய்துகொண்டது. மூன்றாவது அளவுகோலை நான் ஏன் இழுத்துப் பேசினேன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

தலையைத் திறக்க வேண்டாம் என்பதும் லாபம். ஆனால் உடம்பு முழுக்கப் பரவும் ஊசி, மூளைக்கு வெளியே அதே மரபணு ஓடும் செல்லையும் கொல்லும். கிரீ எங்கெல்லாம் கசிகிறது என்று பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். அசிடைல்கோலின் விஷயத்தில் இது விளையாட்டல்ல: தசையை அசைக்கும் இயக்க நியூரான்களும் அசிடைல்கோலின் செல்கள்தான்! அசிடைல்கோலினைச் செய்யும் நொதியான சோலின் அசிடைல்டிரான்ஸ்பெரேஸின் மரபணு வழி வரும் கிரீயோடு சேர்த்து வயிற்றில் ஊசி போட்டால் விலங்கு மூச்சுவிடவே வழியிருக்காது. அங்கே ஏற்பியையோ நஞ்சையோ மூளையின் அந்த இடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். தலையைத் திறக்காத லாபம் போயிற்று.

நம் ஊரில் உண்மையான செலவு வளர்ப்பில் இருக்கிறது. இரண்டு சுண்டெலி வம்ச வரிசைகளை வரவழைத்து, தனிமைப்படுத்தி, கலந்து, வால்நுனி வெட்டி மரபணு பார்த்து, வேண்டிய சேர்க்கை உள்ள குட்டிகளைச் சேர்ப்பதற்குள் அரை வருஷம் ஓடிவிடும். வேண்டாத சேர்க்கையாகப் பிறந்தவற்றை என்ன செய்வது என்பதை விலங்கு நெறிமுறைக் குழு கேட்கும், கேட்க வேண்டியதும்தான். மரபணு மாற்றிய உயிரி என்பதால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கோப்பும் தனியாக ஓடும். ஊசி போடுபவரின் தடுப்பூசி நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே சுண்டெலிக் கூடம் நடத்தும் பெரிய ஆய்வகம், அடையாளம் மேற்பரப்பில் இல்லாமல் மரபணுவில் மட்டும் இருக்கும் செல்: இங்கே இது சபோரினை அடித்துவிடும்.

## வைரஸில் அனுப்பும் காஸ்பேஸ்

2013-இல் யாங், ஷா குழுவினரிடமிருந்து வந்தது. காஸ்பேஸ்-3 என்ற செல்லின் சொந்தச் சாவு நொதியை, கிரீ இருக்கும் செல்லில் மட்டும் வேலை செய்யும்படி வைரஸில் வைத்து உரிய இடத்தில் விடுவார்கள். செல் சத்தமில்லாமல் சுருங்கிச் சாகும், அழற்சி குறைவு. உடம்பு முழுக்க நஞ்சு இல்லை. இரண்டு மூன்று வாரம் ஆகும். கிரீ வரிசை ஒன்று போதும், கலப்பு தேவையில்லை. இடமும் மரபணுவும் இரண்டுமே பொருந்தினால்தான் சாவு என்பதால், சுண்டெலிக்காரர்களுக்கு இன்று என் முதல் பரிந்துரை இதுதான், டிப்தீரியா அல்ல.

## பழைய வழிகள்

டோபமைன் செல் வேண்டுமென்றால் 6-ஹைட்ராக்ஸிடோபமைன் இருக்கிறது. 1968-இல் உங்கர்ஸ்டெட் காட்டியது, பார்கின்சன் ஆய்வில் இன்றும் ஓடுகிறது. மலிவு, எலிக்கும் சுண்டெலிக்கும் ஆகும். நோரட்ரினலின் செல்களும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே டெசிப்ரமின் கொடுத்து அவற்றைக் காப்பாற்றுவார்கள். கரைசலில் வைட்டமின் சி, சுற்றிலும் ஐஸ், வெளிச்சம் படாத குப்பி. பழுப்பு ஏறிவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு பக்கம் மட்டும் போடுங்கள். இரண்டு பக்கமும் முழுதாகப் போனால் விலங்கு தின்னாது, குடிக்காது.

இபோடெனிக் அமிலம் செல் உடல்களைக் கொல்லும், வழியாகப் போகும் இழைகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் அந்த இடத்தில் எந்த வகைச் செல் என்று பார்க்காது. மின்சாரத்தால் பொசுக்குவது இழையையும் சேர்த்து எடுக்கும். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காரைக்குடிப் பக்கம் உட்கார்ந்து மின்சாரத்தைக் குறை சொல்லக் கூடாதுதான்; இந்த வேலைக்கு மட்டும் ஆகாது.

## கொல்லாமல் வாயடைப்பது

பலர் கேட்கும் கேள்விக்கு உண்மையில் சாவு தேவையே இல்லை. "இந்தச் செல் இந்த வேலைக்கு வேண்டுமா?" என்பதுதான் கேள்வி என்றால், 2007-இல் வந்த டிரெட் முறையில், செயற்கை ஏற்பி ஒன்றைச் செல்லில் வைத்து, மருந்தால் அதைத் தூண்டிச் செல்லைச் சில மணி நேரம் அமைதியாக்கி, மறுநாள் அதே விலங்கைப் பழையபடி சோதிக்கலாம். விலங்கு எண்ணிக்கையும் குறையும். ஆனால் தூண்டும் மருந்தான சிஎன்ஓ உடம்பில் குளோசப்பின் என்ற மனநோய் மருந்தாக மாறுகிறது என்று 2017-இல் தெளிவாகக் காட்டினார்கள். டிரெட் இல்லாத விலங்குக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்க்காத ஆய்வுக் கட்டுரையை நான் முழுதாகப் படிப்பதில்லை.

நோயைப் போல, வாரக்கணக்கில், திரும்பாத இழப்பு வேண்டுமென்றால் டிரெட் உதவாது.

## ஒரே பார்வையில்

| வழி | விலங்கு | எதை வைத்துத் தேர்வு | திரும்புமா | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| சபோரின், ஆன்டிபாடி | குப்பிக்கு ஏற்ற விலங்கு மட்டும் | மேற்பரப்பு ஏற்பி | இல்லை | கட்டுப்பாட்டுக் குப்பி, முன்னோட்டம், உறைபெட்டி |
| சபோரின், பெப்டைடு | பல விலங்குகள் | மேற்பரப்பு ஏற்பி | இல்லை | முதல் சில மணி நேரத் தூண்டல் |
| டிப்தீரியா ஏற்பி | பெரும்பாலும் சுண்டெலி | மரபணு | இல்லை | வளர்ப்பு, இரண்டு குழு அனுமதி |
| காஸ்பேஸ் வைரஸ் | கிரீ விலங்கு | மரபணுவும் இடமும் | இல்லை | வைரஸ் பரவல், உயிரிப் பாதுகாப்பு |
| 6-ஹைட்ராக்ஸிடோபமைன் | எலி, சுண்டெலி | டோபமைன் உள்ளிழுப்பு | இல்லை | அறுவைக்குப் பின் பராமரிப்பு |
| டிரெட் | பெரும்பாலும் கிரீ விலங்கு | மரபணுவும் இடமும் | ஆம் | மருந்துக்கென்று தனிக் கட்டுப்பாட்டுக் குழு |

மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவை அகற்ற நினைப்பவர்கள், அட்டவணையில் "திரும்புமா" என்பதற்கு உள்ள "இல்லை" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். நஞ்சு நின்றதும் அவை சில நாட்களில் மறுபடி நிரம்பிவிடும்.

## செத்ததைக் காட்டுவது

எந்த வழியானாலும் வந்து சேரும் இடம் நுண்ணோக்கி. செப்டத்தில் அசிடைல்கோலின் நியூரான்களைச் சாயமேற்றினால் நடுக்கோட்டின் இருபுறமும் காப்பிப் பழுப்பில் வரிசை கட்டி நிற்கும். நல்ல சபோரின் விலங்கில் அந்த இடம் வெறிச்சென்று இருக்கும், ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் தப்பியிருக்கும். அதோடு நிறுத்தாமல் அடுத்த சீவலில், அங்கேயே இருக்கும் காபா நியூரான்களை (காபா என்ற வேறு வேதிப்பொருளைச் சுரப்பவை) அடையாளம் காட்டும் பார்வால்புமின் புரதத்துக்குச் சாயம் போடுங்கள். பக்கத்திலுள்ள அவை முழுசாக நின்றால்தான் "தேர்ந்து கொன்றது" என்று எழுத உரிமை.

இன்னும் ஒன்று. சாயம் ஏறவில்லை என்பதற்கு, செல் உயிரோடு இருந்துகொண்டே, சாயம் பிடிக்கும் அசிடைல்கோலின் நொதியைச் செய்வதை நிறுத்திவிட்டது என்றும் பொருள் இருக்கலாம். நியூரான்களை முன்கூட்டியே ஒளிரும் சாயத்தால் பின்னோக்கிக் குறித்து வைத்தால் அந்தச் சந்தேகம் தீரும். எட்டு எலியில் இரண்டிலாவது ஊசி குறி தவறும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் விலங்கு எண்ணிக்கை கேட்க வேண்டும்.

## அந்தப் பெண்ணுக்குச் சொன்னது

அவளிடம் இருப்பது எலி. சுண்டெலிக் கூடம் கிடையாது. உதவித்தொகையில் இரண்டு வருஷம்தான் மிச்சம். கேள்வி கவனத்தைப் பற்றியது. எனவே 192 ஐஜிஜி-சபோரின், நேரடியாக நியூக்ளியஸ் பேசாலிஸில். டிப்தீரியாவை மறந்துவிடு என்றேன். முகம் மலர்ந்தது.

அவள் திட்டத்தின் மூன்றாவது அத்தியாயத்தைப் புரட்டியபோது என் முகம்தான் சுருங்கியது. அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவுக்குப் போகும் அசிடைல்கோலின் இழைகளை அகற்றி அச்சத்தைப் படிப்பதாக எழுதியிருந்தாள். அமிக்டலாவுக்குப் போகும் அந்த நியூரான்களில் பெரும்பாலானவற்றில் பி75 கிடையாது. பூட்டு இல்லாத கதவுக்குச் சாவி வாங்கப் போகிறாள்.

"அப்போ மூணாவது அத்தியாயம், அக்கா?"

"கார்டெக்ஸோடயே நிறுத்து. இல்லாட்டி அதுக்கு மட்டும் வேற ஆய்வகத்துக் கிரீ எலியில கூட்டு சேரு."

கொஞ்ச நேரம் ஆத்தங்குடிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணினியில் ஏதோ அழித்தாள். ஆர்டரை உடனே போடட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் வேண்டாம் என்றேன். எனக்கு வந்த ஒரு பெட்டி வைகாசியில் வழியில் எங்கோ மூன்று நாள் கிடந்து, திறந்தபோது உலர்பனி துளிகூட இல்லாமல் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கார்த்திகை பிறக்கட்டும். அதற்குள் நெறிமுறைக் குழு அனுமதியை வாங்கி, வெறும் சாயத்தை ஊசியில் ஏற்றி நாலு எலியில் குறி பார்த்துப் பழகட்டும்.